கேட்வே பதில் சொன்ன பிறகு ‘கன்ஃபர்ம்’ செய்யுங்கள்

மேல்நிலைத் தொட்டிகளின் நீர்மட்டத்தைச் சொல்லும் லோராவான் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ நெட்வொர்க்) சென்சார்களைப் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு திட்டத்தில் 27 சென்சார்களுக்கு வயர்லெஸ்ஸில் புது ஃபர்ம்வேர் (சென்சாருக்குள் ஓடும் நிரல்) அனுப்பினோம். கடைசித் துண்டு வரை எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ரீபூட் ஆன பிறகு ஒன்றுகூடப் பேசவில்லை.

முதல் தொட்டியில் ஏறி, பெட்டியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பச்சை எல்இடி ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. நீர்மட்டத்தையும் சரியாகவே அளந்தது. லேப்டாப்பைச் செருகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நெட்வொர்க்கில் சேர 868.1 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அது ஐரோப்பிய சேனல். இந்தியாவில் 865.0625, 865.4025, 865.985 ஆகிய மூன்றில்தான் கூப்பிட வேண்டும். மேசையில் சோதித்தது ஒரு பில்ட் (நிரலிலிருந்து உருவாக்கிய ஃபர்ம்வேர் ஃபைல்), அனுப்பியது கடைசி நேரத்தில் வேறு கணினியில் எடுத்த பில்ட். அதில் பிராந்திய செட்டிங் மாறியிருந்தது.

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பும் வசதி எங்களிடம் இல்லாமல் இல்லை. எம்சியுபூட் என்ற பூட்லோடரில் (சிப் விழித்ததும் முதலில் ஓடும் சின்ன நிரலில்) புது ஃபர்ம்வேரை முதலில் சோதனையாக ஓடவிடலாம். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று அது கன்ஃபர்ம் செய்யாவிட்டால், அடுத்த ரீசெட்டில் பழையது திரும்பிவிடும். அந்த கன்ஃபர்மை நாங்கள் நிரல் தொடங்கிய உடனேயே கொடுத்திருந்தோம். தப்பு அங்கேதான். சிப் உயிரோடு இருப்பது வேறு, கேட்வேயோடு (சென்சார்களின் செய்தியை வாங்கி நெட்வொர்க்குக்கு அனுப்பும் பெட்டியோடு) பேச முடிவது வேறு. இப்போது நெட்வொர்க்கில் சேர்ந்து, ஒரு செய்தி அனுப்பி, அதற்குப் பதில் வந்த பிறகுதான் கன்ஃபர்ம். 24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் தானே ரீசெட் ஆகிவிடும். கேட்வே பக்கம் கரண்ட் போயிருந்தால் வீணாகப் பழையதற்குத் திரும்பலாம். பரவாயில்லை, மறுபடி அனுப்பிக்கொள்ளலாம்.

அனுப்புவதும் லேசான வேலை இல்லை. 100 கேபி ஃபர்ம்வேரை 200 பைட் துண்டுகளாக வெட்டினால் 512 துண்டு. பேட்டரியை மிச்சப்படுத்தும் கிளாஸ் ஏ வகைச் சென்சார், தான் பேசி முடித்த பிறகுதான் கொஞ்ச நேரம் காது கொடுக்கும். மணிக்கு ஒரு முறை பேசினால் ஒரு அப்டேட்டுக்கு 21 நாள். அதனால்தான் லோரா அலையன்ஸ் 2018-இல் மல்டிகாஸ்ட் முறையை வகுத்தது. கடிகாரங்களைச் சரிசெய்து, எல்லாச் சென்சார்களையும் ஒரே நேரத்தில் விழிக்கவைத்து, ஒரே முறை அனுப்புவது. நடுவில் தவறும் துண்டுகளை மீட்டுக்கொள்ளக் கூடுதல் துண்டுகளும் சேர்ந்து போகும்.

தூரத்துச் சென்சாருக்காக எஸ்எஃப்12 என்ற, மிக மெதுவான ஆனால் அதிக தூரம் எட்டும் வேகத்துக்கு இறங்கினால் ஒரு பேக்கெட்டுக்கு 51 பைட்தான். அதே ஃபர்ம்வேருக்கு 2,000-க்கும் அதிகமான பேக்கெட்டுகள், காற்றில் மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். கேட்வே பேசும்போது பொதுவாக அதற்குக் காது கேட்காது, அந்நேரம் தொட்டி நிரம்பி வழிந்தாலும் செய்தி வந்து சேராது. பேட்டரிக் கணக்கும் இருக்கிறது: 5 மில்லிஆம்பியரில் ஒரு மணி நேரம் கேட்பது, 5 மைக்ரோஆம்பியரில் கிட்டத்தட்ட 42 நாள் தூங்குவதற்குச் சமம். முடிந்தவரை மாறிய பகுதியை மட்டும் டெல்டாவாக அனுப்புங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். மல்டிகாஸ்ட் சாவி அந்தக் குழுவிலுள்ள எல்லாச் சென்சார்களுக்கும் ஒன்றுதான். ஒரு பெட்டியைத் திறந்து அதை எடுத்துவிட்டவர், மற்ற எல்லாவற்றுக்கும் போலி ஃபர்ம்வேர் அனுப்ப முடியும். சிஆர்சி (தரவு வழியில் சிதையாமல் வந்ததா என்று மட்டும் பார்க்கும் கணக்கு) இதைத் தடுக்காது. ஃபர்ம்வேரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும், பூட்லோடர் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்க வேண்டும். கையொப்பமிடும் ரகசியச் சாவி சென்சாருக்குள் இருக்கவே கூடாது.

அந்த 27 தொட்டிகளிலும் ஏறி இறங்க எங்களுக்கு 11 நாள் ஆனது. இப்போது புது ஃபர்ம்வேர் எதுவானாலும், அனுப்பப்போகும் அதே ஃபைல் முதலில் எங்கள் அலுவலக மொட்டைமாடிச் சென்சாருக்குப் போகும். மூன்று நாள் பார்ப்போம். பிறகு சாதாரண ஏணிக்கு எட்டும் தொட்டிகள். உயரமானவை கடைசியில்தான்.