பி-ஹேண்டில்: கைப்பிடி அல்ல, கணுச்சுட்டி

ஒரு கருவியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை மர வடிவில் லினக்ஸுக்குச் சொல்பவை டிவைஸ் ட்ரீ கோப்புகள். அவற்றைத் தமிழில் விளக்க உட்கார்ந்தால் முதலில் இடறுவது ‘பி-ஹேண்டில்’ (phandle). அகராதியைப் பார்த்துக் ‘கைப்பிடி’ என்று எழுதினால் சைக்கிளும் கதவும்தான் கண்முன் வரும்.

முன்னால் நிற்கும் ‘பி’, பேக்கேஜ் என்பதன் சுருக்கம். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஓப்பன்பூட்டிலிருந்து வளர்ந்து, 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையாக ஆனது ஓப்பன் ஃபர்ம்வேர், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள். அதில் மரத்தின் ஒவ்வொரு கணுவும் (நோட்) ஒரு பேக்கேஜ். அதன் பி-ஹேண்டிலைக் கொடுத்து, கணுவின் பண்புகளை ஃபர்ம்வேரிடமே கேட்டு வாங்கலாம். அங்கே ‘பிடி’ ஓரளவு பொருந்தியது. இன்றைய ரவுட்டர்களில் லினக்ஸுக்குக் கிடைப்பது தட்டையாக்கிய ஒரு கோப்பு மட்டுமே. அதில் பி-ஹேண்டில் வெறும் 32 பிட் எண்.

அந்த எண் எதற்கு? மரத்துக்குத் தாய்-பிள்ளை உறவு மட்டும்தான் தெரியும். ரவுட்டரின் போர்ட்டுகளை இணைக்கும் சுவிட்ச் சில்லைப் பாருங்கள். ப்ராசஸர் அதைப் பெரும்பாலும் எம்டிஐஓ என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் வழியே கட்டுப்படுத்துகிறது. அதனால் மரத்தில் அது எம்டிஐஓவின் பிள்ளை. ஆனால் பாக்கெட்டுகள் போவது ஈதர்நெட் கன்ட்ரோலர் வழியாக. அதுவோ வேறு கிளையில் இருக்கிறது! கிளைவிட்டுக் கிளை காட்டத்தான் இந்த எண். போர்ட் கணுவில் ‘ஈதர்நெட்’ என்ற பண்பை வைத்து, & குறியோடு கன்ட்ரோலரின் லேபிளை எழுதுகிறோம்; டிவைஸ் ட்ரீக்கான டிடிசி கம்பைலர் அதை எண்ணாக்கிவிடும்.

லினக்ஸில் சுவிட்ச் சில்லுகளைக் கவனிக்கும் பகுதியான டிஎஸ்ஏ இதை வைத்தே போர்ட்டுகளைப் பிரிக்கிறது. ‘ஈதர்நெட்’ இருந்தால் அது ப்ராசஸரோடு இணையும் சிபியு போர்ட். ‘லிங்க்’ இருந்தால் இன்னொரு சுவிட்சுக்குப் போவது. இரண்டும் இல்லையா, நாம் கேபிள் செருகும் போர்ட். போர்ட்டின் ‘லேபிள்’ என்ற பண்பில் ‘சிபியு’ என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. செக் நாட்டு டுரிஸ் ஆம்னியா ரவுட்டரில் மார்வெல் சுவிட்சுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே இரண்டு தடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுட்டல் வேண்டும்.

சுட்டல் என்ற சொல் இங்கே தானாகவே வந்துவிட்டது, பாருங்கள். பள்ளியில் படித்த சுட்டெழுத்தும் இதே வேலையைத்தான் செய்கிறது: ‘அவ்வீடு’ என்பதில் ‘அ’ வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, காட்டுகிறது. ‘நோட்’ என்பதற்கு ஏற்கெனவே கணு இருக்கிறது. மரத்துக்கும் கரும்புக்கும் உள்ள அதே கணு. எனவே கணுச்சுட்டி. மவுஸையும் சுட்டி என்கிறோமே என்றால், சரிதான். ஆனால் கணு முன்னால் நிற்கும்போது யாரும் மவுஸைத் தேடமாட்டார்கள்.