ஆத்துல கழிவுநீர் விடுறாங்களா? 1974 சட்டத்துல நமக்கு இருக்கிற உரிமை

கம்பெனி கழிவு ஆத்துலயோ ஏரிலயோ கலந்தா நாம பெரும்பாலும் "தண்ணி நாறுது, நடவடிக்கை எடுங்க"ன்னு கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துட்டு வந்துடுறோம், அது ஃபைல்லயே கெடக்கும். ஆனா 1974 தண்ணீர் மாசு தடுப்பு சட்டத்துல பொதுஜனத்துக்குன்னே ரெண்டு மூணு பிரிவு இருக்கு, அத யாரும் பெருசா சொல்றதில்ல.

கழிவுநீர் வெளியேத்துற ஆலை மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட கன்சென்ட் வாங்கணும் (தமிழ்ல இசைவாணை), கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. எவ்ளோ தண்ணி விடலாம், எங்க விடலாம், அது எந்த தரத்துல இருக்கணும்னு எல்லாம் அந்த ஆணைலயே இருக்கும். ஆறு ஏரில விடுறதுக்கு பொதுவான அளவு பிஓடி (தண்ணில இருக்கிற அழுக்க நுண்ணுயிரி மக்க வைக்க எவ்ளோ ஆக்சிஜன் தேவைப்படும்ங்கிற அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (அதே அழுக்க ரசாயனத்தால சிதைக்க தேவைப்படுற ஆக்சிஜன் அளவு) 250, பிஎச் (அமிலத்தன்மை, காரத்தன்மை அளவு) 5.5ல இருந்து 9க்குள்ள. சில தொழிலுக்கு தனி அளவு, சிலதுக்கு சொட்டு கூட வெளிய விடக்கூடாதுன்னே கண்டிஷன், திருப்பூர் சாயப்பட்டறைகள 2011ல ஹைகோர்ட் மூட சொன்னதே அத மதிக்காததால தான்.

இந்த கண்டிஷன் எல்லாத்தையும் வாரியம் ஒரு ரெஜிஸ்டர்ல வச்சிருக்கணும், பாதிக்கப்பட்டவங்க யார் வேணா போய் பாக்கலாம்னு பிரிவு 25(6) சொல்லுது. எனக்கு தெரிஞ்சு ரொம்ப உபயோகமான பிரிவு இது தான். "நாறுது"ன்னு எழுதுறதுக்கும் "இசைவாணைல இருக்கிற இந்த கண்டிஷன மீறி இந்த தேதி ராத்திரி இத்தன மணிக்கு ஓடைல விட்டாங்க"ன்னு போட்டோவோட எழுதுறதுக்கும் நெறைய வித்தியாசம், ரெண்டாவது மனுவ சும்மா தட்டி கழிக்க முடியாது.

பாட்டில்ல தண்ணி பிடிச்சு லேப்ல குடுக்கிறத மட்டும் நம்பாதீங்க. அதிகாரி வந்து, ஆலைக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, சாம்பிள ரெண்டா பிரிச்சு சீல் வச்சு கையெழுத்து வாங்கி அனுப்பினா தான் இந்த சட்டப்படி கேசுல நிக்கும். அதனால "வந்து சாம்பிள் எடுங்க"ன்னு மனுலயே கேளுங்க. மீறல் உறுதியானா 33ஏ பிரிவுல ஆலைய மூடவும் கரண்ட் கனெக்‌ஷன கட் பண்ணவும் வாரியத்துக்கே அதிகாரம் இருக்கு, கோர்ட்டுக்கு போகணும்னு இல்ல.

அப்பவும் அசையலன்னா பிரிவு 49. வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார் போடலாம், வாரியம் கைல இருக்கிற ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கலாம், பொதுநலனுக்கு எதிரானதுன்னு சொல்லி தான் மறுக்க முடியும். ஒரு விஷயம், 2024 திருத்தத்துல பல குத்தத்துக்கு ஜெயில எடுத்துட்டு 10 ஆயிரத்துல இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு மாத்திட்டாங்க, பெரிய ஆலைக்கு இதெல்லாம் ஒரு காசா! ஆனா மாநில சட்டசபை தீர்மானம் போட்டு ஏத்துகிட்டா தான் அந்த திருத்தம் அங்க செல்லும்.

நிலம் கெட்டுப்போச்சு, கிணறு போச்சுன்னா நஷ்டஈட்டுக்கு தேசிய பசுமை தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குக்குன்னே இருக்கிற கோர்ட் மாதிரி), நம்ம பக்கத்துக்கு சென்னைல பெஞ்ச் இருக்கு, வக்கீல் இல்லாம நாமளே கூட பேசலாம். நஷ்டஈடு கேக்க 5 வருஷம் டைம், மத்த வழக்குக்கு 6 மாசம் தான், அதுவும் பிரச்சனை மொதல்ல ஆரம்பிச்ச நாள்ல இருந்து கணக்கு, அதனால மனு குடுத்தா தேதியோட ரசீது வாங்காம வராதீங்க.