வளர்சிதைப்பொருள் தொகையியல்

உடலில் நிகழும் வேதிவினைகளில் பங்குகொள்ளும் சிறு மூலக்கூறுகளை ஒட்டுமொத்தமாக ஆராயும் துறையான மெட்டபாலோமிக்ஸ் என்பதை 'வளர்சிதைமாற்றவியல்' என்று எழுதுவது போதாது; அது மெட்டபாலிசத்தைப் பற்றிய படிப்பு என்றே பொருள்படும். மெட்டபாலிசத்துக்கு மூலமான மெட்டபொலே என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மாற்றம் என்பது மட்டுமே பொருள். நம் 'வளர்சிதைமாற்றம்' அதைவிட நிறைவானது. உடல் பொருள்களைக் கட்டியெழுப்புவதை 'வளர்' என்பதும் உடைத்துப் பயன்கொள்வதை 'சிதை' என்பதும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றன. இவ்வினைகளில் பங்குகொள்ளும் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளே வளர்சிதைப்பொருள்கள்.

ஜீனோம் என்ற சொல்லை 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் உருவாக்கினார்; அதன் சாயலில், வளர்சிதைப்பொருள்களின் முழுத் தொகுதியைக் குறிக்கும் மெட்டபாலோம் என்ற சொல் 1998இல் பிறந்தது. ஜீனோமை மரபணுத்தொகை என்கிறோம். தொகைநூல் என்பதில் உள்ள அதே 'தொகை' இங்கும் பொருந்துவதால், மெட்டபாலோமை வளர்சிதைப்பொருள் தொகை என்றும், அதை ஆராயும் துறையை வளர்சிதைப்பொருள் தொகையியல் என்றும் சொல்வதே முறை. சொல் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

பயோமார்க்கர் என்பதற்கு 'உயிர்க்குறிப்பான்' ஏற்றது. நோயை அல்லது அதன் போக்கை அளந்து காட்டும் அடையாளம் அது. நீரிழிவுக்கு மதுமேகம் என்று பெயரிட்டவர்கள் சிறுநீரின் இனிப்பையே குறிப்பானாகக் கொண்டார்கள். இன்று தேடல் சர்க்கரையைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களிடம் நெடுங்காலமாக நடக்கும் இதயநோய் ஆய்வில் பங்கேற்றோரின் சேமித்துவைத்த குருதியைச் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ஐசோலியூசின், லியூசின், வேலின், டைரோசின், ஃபீனைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்களின் மிகுதி, இரண்டாம் வகை நீரிழிவு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த ஆபத்தைக் காட்டியது.

காசநோயில் குருதியில் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் குறைந்து, அதிலிருந்து உண்டாகும் கைனுரெனின் என்னும் பொருள் கூடுகிறது. நோயெதிர்ப்பு உயிரணுக்களில் தூண்டப்படும் ஒரு நொதி முன்னதைச் சிதைத்துப் பின்னதை ஆக்குவதே காரணம். எனவே இரண்டின் விகிதத்தை அளக்கிறார்கள். ஆனால் வேறு தொற்றுகளிலும் சில புற்றுநோய்களிலும் இவ்விகிதம் உயரக்கூடும். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு என்பதால், இரு நோயும் சேர்ந்த உடலில் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிவது மேலும் கடினமாகிறது. ஒற்றைப் பொருளை நம்பாமல் பல பொருள்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மாதிரி எடுப்பதிலும் மிகுந்த கவனம் வேண்டும். குழாயில் எடுத்த குருதியிலிருந்து உயிரணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால், அவை குளுக்கோசைத் தொடர்ந்து உட்கொள்ளும். ஒரு மணி நேரத்திலேயே அளவு இறங்கத் தொடங்கிவிடும். அப்போது கருவி காட்டுவது நோயாளியின் உடலில் இருந்த தொகையை அன்று, குழாய்க்குள் மாறிப்போன தொகையை.