லோன்: கடன் அன்று, இரவல்

கால்பந்துச் செய்திகளில் வரும் 'லோன்' என்ற சொல்லைத் தமிழில் 'கடன்' என்று எழுதிவிடுகிறார்கள். "கடன் அடிப்படையில் சேர்ந்தார்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. ஒரு கிளப் தன் ஆட்டக்காரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொரு கிளப்பில் ஆட அனுப்புவதே லோன். காலம் முடிந்ததும் அவர் திரும்பிவிடுவார்.

ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் 'லான்' ஆங்கிலத்தில் 'லோன்' ஆயிற்று. பணத்துக்கும் பொருளுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். ஜெர்மன் மொழியோ பணத்தைக் கொடுத்தால் 'டார்லேன்', பொருளைக் கொடுத்தால் 'லைஹெ' என்று பிரிக்கிறது. கால்பந்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது லைஹெ. நம்மிடமும் அந்தப் பிரிவு உண்டு. கடன் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டு வேறு பணத்தால் அடைக்கலாம். இரவல் வாங்கிய நகையை அதே நகையாகத் திருப்பித் தர வேண்டும். கேட்டுப் பெறுதலைக் குறிக்கும் 'இர' என்ற வினையடியில் பிறந்தது இரவல்.

அளவுக்கு மீறிச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களும் பல நேரங்களில் இப்படி இரவல் போகிறார்கள். தகுந்த காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறிக்க உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இடம் தருவதில்லை. விற்பதற்கும் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். வாங்க வரும் கிளப்பால் அதே சம்பளத்தைத் தர முடியாதபோது, அவர் எதற்காகப் போக வேண்டும்? கிளப்புக்கு மிஞ்சுவது இரவல்தான். எழுதிக் கொடுத்த தொகையை அவர் கேட்பது நியாயம்தான். பிழை, எழுதிக் கொடுத்தவர்களுடையது.

2013இல் உலகச் சாதனைத் தொகைக்கு கேரத் பேலை வாங்கிய ரியல் மாட்ரிட், 2016இல் அவருடைய ஒப்பந்தத்தை 2022 வரை நீட்டித்தது. 2019இல் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு முறிந்தது. 2020-21 பருவத்தில் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே சுமந்து அவரை டாட்டன்ஹாமுக்கு இரவல் கொடுத்தது. அவர் திரும்பி வந்தார். 2022இல் ஒப்பந்தம் முடிந்ததும் மாட்ரிட்டுக்கு ஒரு காசும் கிடைக்காமல் விலகினார். அலெக்சிஸ் சான்செஸை 2019இல் இன்டர் மிலானுக்கு இரவல் தந்த மான்செஸ்டர் யுனைடெட், மறு ஆண்டு இலவசமாகவே விட்டுவிட்டது. எல்லாவற்றிலும் கொடியது பார்சிலோனாவுக்கு நேர்ந்தது. அங்கிருந்து பயர்ன் மியூனிக்குக்கு இரவல் போயிருந்த குட்டீனியோ, 2020 ஆகஸ்டில் 8-2 என்று பயர்ன் வென்ற சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராகவே 2 கோல் அடித்தார்.

சில இரவல்களுக்குக் கட்டணம் உண்டு என்பதால் 'குத்தகை' பொருந்தும் எனத் தோன்றலாம். குத்தகையில் உடையவருக்குப் பணம் வரும். மேலே சொன்ன பேல், சான்செஸ் இரவல்களிலோ உடையவரே சம்பளத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுத்தார். அதனால் இரவல் ஆட்டக்காரர், இரவல் கட்டணம், இரவல் காலம் என்றே எழுதலாம்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. 2017இல் மொனாக்கோவிலிருந்து எம்பாப்பே பாரிஸ் சான் ஜெர்மானுக்குப் போனதும் காகிதத்தில் லோன்தான். ஆனால் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அதிலேயே இருந்தது. திரும்பி வரும் எண்ணமே இல்லாத அதை இரவல் என்று எழுத எனக்கு மனம் வராது. 'தள்ளிவைத்த விற்பனை' என்பேன்.