ஒட்டுப்பாலும் பஞ்சர் ஒட்டும்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் என் சைக்கிள் டயரில் முள் ஏறியது. ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் டியூபில் சொல்யூஷன் தடவி முடித்ததுமே, "ஒட்டிவிடுங்கள் அண்ணாச்சி, நேரமாகிறது" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரத்தோடு வைத்தால் நாளைக்கும் இங்கேதான் வந்து நிற்பாய், தம்பி" என்றார்.

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதே டியூபில் போன வாரம் நானே ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு ஒன்று கொப்புளம் விட்டுக் கிடந்தது. கோந்து, மைதாப் பசை எல்லாம் ஈரத்திலேயே ஒட்டிப் பழகிய கை. சொல்யூஷனையும் பசை என்றே நினைத்துவிட்டேன். அதன் வேலையே வேறு.

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். பதப்படுத்தாத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் உறுதிப்பட்டதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் போட்டிருந்தன. இந்தப் பாலம் போடும் வேலைக்குத்தான் வல்கனைசேஷன் என்று பெயர். பஞ்சர் கடையில் நடப்பதும் அதுவே, அடுப்பு மட்டும் இல்லை. சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான் டியூபின் மேல்தோலைச் சற்று ஊறவைத்துச் சங்கிலிகளைத் தளர்த்துகிறது. பிறகு அது ஆவியாகிப் போய்விட வேண்டும். போகாமல் ஒட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கொப்புளம்தான். விரலால் தொட்டால் நூல் இழுக்காத பதம் வந்ததும், காகிதத்தை உரித்து ஒட்டை வைத்து அழுத்துவார்கள். ஒட்டின் அடிப்பக்கம் இன்னும் முழுதாகப் பாலம் போடப்படாத ரப்பர். அதன் சங்கிலிகள் டியூபின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ள, சேர்த்திருக்கும் ஊக்கிகளின் துணையோடு சாதாரண வெப்பத்திலேயே மெல்லமெல்லப் பாலங்கள் எழுகின்றன. அதனால்தான் நன்றாகப் பிடித்த ஒட்டை மறுநாள் பிய்க்கப் பார்த்தால் டியூபும் சேர்ந்து கிழியும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைச் சிலர் சடங்காக நினைக்கிறார்கள். டியூபின் மேல் படிந்த டால்க் மாவையும், காற்றுப்பட்டு மூப்படைந்த மேல்தோலையும் எடுக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

உள்ளே இருக்கும் காற்று ஒட்டைத் தள்ளிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டையின் அகலம் 1 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) என்றால், ஓட்டை வழியே ஒட்டைத் தள்ளும் விசை சுமார் 22 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவுதான். தவிர, ஒட்டு டியூபின் வெளிப்பக்கம் இருக்கிறது. காற்று டியூபை டயரோடு அழுத்த, ஒட்டு நடுவே நசுங்கி நிற்கிறது. ஒட்டைப் பெயர்க்கும் ஆபத்து அதன் விளிம்பில்தான். டியூப் விரியும்போது இழுவை எல்லாம் மூலையில் போய்க் குவியும். அதனால் ஒட்டு வட்டமாக, விளிம்பில் மெலிந்து இருக்கிறது.

இதே பாடத்தைக் குளச்சல், முட்டம் கரைகளில் பைபர் வள்ளம் பழுதுபார்ப்பவர்களிடமும் கேட்கலாம். விரிசலின் மேல் கண்ணாடி இழைப் பாயை அப்படியே வைத்து ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றினால் அடுத்த பெரிய அலையில் அது பெயர்ந்துவிடும். விரிசலின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சரிவு என்பது நெடுநாள் கணக்கு: 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர். பழைய ரெசின் ஏற்கெனவே இறுகிவிட்டதால் புதியதோடு வேதிப் பிணைப்புக்கு அதிகம் இடம் தராது. சொரசொரப்புதான் பிடிமானம். உப்பும் ஈரமும் இருந்தால் அதுவும் போயிற்று.

கணினிக்கும் ஒட்டுப் போடுகிறார்கள். தொடக்கக் காலக் கணினிகளுக்கு நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. தப்பான துளையை உண்மையாகவே காகிதத் துண்டு ஒட்டி அடைத்தார்கள். நாடா போய்விட்டது, பேட்ச் என்ற சொல் நிலைத்துவிட்டது.

எனக்கு இவற்றைவிடப் பெரிய வியப்பு, கடைக்கு எதிரே நின்ற ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒட்டிலிருந்து வந்தவை. விதையில் முளைத்த நாற்றின் பட்டையில் கத்தியால் கீறி ஒரு சன்னல் திறப்பார்கள். நல்ல பால் தரும் ரகத்தின் கிளையிலிருந்து, மொட்டோடு ஒரு பட்டைத் துண்டை அதே அளவில் எடுத்து அங்கே வைத்து பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் இருக்கிறது. மழை பெய்து அது துடிப்பாக இருக்கும்போது பட்டை வழுக்கிக்கொண்டு உரியும். உரித்த உட்புறத்தில் விரல் படக்கூடாது. காயத்தில் பிறக்கும் புதிய செல்கள் இடைவெளியை நிரப்ப, ஏறக்குறைய 3 வாரத்தில் இரண்டு பட்டையும் ஒன்றாகிவிடும். சுற்றிய நாடாவை அவிழ்த்து மொட்டுத் துண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. அதற்கு மேலுள்ள நாற்றை வெட்டிவிட்டால் மொட்டு மரமாகும். கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரகம் இப்படித்தான் பரவியது. வேர் ஒரு மரம், தண்டு வேறொரு மரம்.

அந்த மரத்துக்கும் சொந்தமாக ஒட்டுப் போடத் தெரியும். பால் வெட்டிய சில மணி நேரத்தில் ஒழுக்கு தானாக நிற்கும். பாலிலுள்ள நுண்பைகள் உடைய, ரப்பர்த் துகள்கள் திரண்டு பட்டையிலுள்ள பால்குழல்களின் வாயை அடைத்துவிடும். மறுமுறை வெட்ட வருபவர் முதலில் செய்வது, வெட்டுவாயில் நாடாபோல் காய்ந்த அந்த அடைப்பை உரித்தெடுப்பது. அதன் பெயர் ஒட்டுப்பால். அதையும் சேர்த்து வைத்து விற்கிறார்கள்.

அண்ணாச்சி டியூபைத் தண்ணீரில் முக்கினார். புது ஒட்டில் குமிழி இல்லை. அடுத்து என் கைவண்ணத்தை நகத்தால் நெம்பினார். அப்பளம்போல் கழன்று வந்தது. ஒன்றும் பேசாமல் உப்புத்தாளை எடுத்தார். கடைசியில் இரண்டு ஒட்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.