அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் எங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரிலும் ஆர்.ஓ. தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, கம்பிகளை உள்ளே விட்டு கரன்ட் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. இத்தனை நாள் பிள்ளைகளுக்கு இதையா கொடுத்தேன்?”

இல்லையம்மா. நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததில்லை. கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு அது.

உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. கருவி உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. இது பள்ளிப் பாடம். அதற்கப்புறம் நடப்பதுதான் அழகு. நேர்மின்வாயாக, அதாவது பிளஸ் பக்கமாக, இருக்கும் கம்பியில் ஓர் இரும்பு அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பியிலேயே விட்டுவிட்டு, மின்னூட்டம் கொண்ட அயனியாகத் தண்ணீரில் இறங்குகிறது. எதிர்மின்வாயில், அதாவது மைனஸ் கம்பியில், தண்ணீர் மூலக்கூறு உடைந்து, ஹைட்ரஜன் பொடிக் குமிழ்களாக மேலேறிவிட, ஹைட்ராக்சைடு அயனி மிஞ்சுகிறது. இரண்டு அயனிகளும் சேரும் இடத்தில் பச்சை கலந்த கசடு திரளும். ஆக்சிஜன் பட்டதும் அதுவே பழுப்பாகித் திரிதிரியாக மிதக்கும். மழையில் கிடக்கும் ஆணி நாள்கணக்கில் ஏற்றிக்கொள்ளும் துருவுக்கு நெருங்கிய உறவு இது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, பூச்சில்லாத இரண்டு இரும்பு ஆணிகள், கொஞ்சம் ஒயர் போதும். வீட்டு பிளக் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். ஆணிகளை ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள்; பெரிதாக எதுவும் தெரியாது. இப்போது ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். ஓர் ஆணியைச் சுற்றிக் குமிழ்கள் மொய்க்கும். சில நிமிடங்களில் தண்ணீர் கலங்கி நிறம் மாறும். அப்புறம் இன்னோர் ஆணியை வெளியே எடுத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று அரித்திருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: இந்தச் சோதனை ஆபத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. கால்சியமும் மக்னீசியமும் உள்ள நல்ல கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகும். கிருமி கலந்த மழைத் தண்ணீர், உப்பு குறைவு என்பதால், தெளிவாகவே நிற்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) காட்டும் மீட்டரும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது, கிருமியை அல்ல. இந்தியத் தர அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். தண்ணீர் உண்மையிலேயே உப்பாக இருந்தால் ஆர்.ஓ. தேவைதான். ஆனால் அதைக் கம்பி சொல்லக் கூடாது, பரிசோதனைக்கூடம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் பணம் ஒதுக்கி, ஊர் ஊராகத் தெரியப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

‘கால் வழியாக நச்சை எடுக்கிறோம்’ என்று உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைக்கச் சொல்கிறார்களே, அங்கேயும் மின்சாரம் பாய்ச்சி நடக்கும் இதே வேதிமாற்றம்தான் (மின்னாற்பகுப்பு). காலே வைக்காமல் ஓடவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகும்.

அடுத்த முறை யாராவது அந்தக் கம்பிகளோடு வந்தால், தகராறு வேண்டாம். கருவியை அணைக்கச் சொல்லிவிட்டு, அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போடுங்கள். “இப்போ போடுங்க” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.