ரிதம் கேம்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒலிக்கு ஏற்ற நேரத்தில் பொத்தானை அமுக்கி ஆடும் வீடியோ கேம்தான் ரிதம் கேம். கையடக்கக் கருவியில் அப்படி நான் முதலில் ஆடிப் பார்த்தது பட்டாபொன். 2007 கடைசியில் சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. சதுரப் பொத்தானை அமுக்கினால் 'பட்டா' என்று ஒரு முரசு ஒலிக்கும், வட்டப் பொத்தானுக்குப் 'பொன்'. திரையின் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் பளிச்சிடும். அந்தப் பளிச்சோடு சேர்த்துப் பட்டா, பட்டா, பட்டா, பொன் என்று நான்கு அடி சரியாக விழுந்தால், ஒற்றைக் கண்ணே உடம்பாக இருக்கும் குட்டிப் படை அதையே திருப்பிப் பாடிக்கொண்டு முன்னால் நடக்கும். அது பாடும் நான்கு அடிக்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பொத்தானைத் தொட்டால் அதுவரை சேர்த்த தொடர் அறுந்துவிடும். முதல் அரை மணி நேரம் நான் தடுமாறியது அங்கேதான். அடிக்க வந்தது, அடிக்காமல் இருக்க வரவில்லை.

ஆடி முடித்ததும் சொல் மேல் நினைவு போனது. ரிதம் என்பது கிரேக்கத்தில் 'ரித்மோஸ்'. ஓடு, வழிந்தோடு என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது என்பார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இன்று நம் பேச்சிலும் 'ரிதம் போயிடுச்சு' என்று இயல்பாகப் புழங்குகிறது. இந்த விளையாட்டு வகைக்கு வழி திறந்தவற்றில் ஒன்று 1996இல் பிளேஸ்டேஷனில் வந்த பரப்பா தி ராப்பர். அடுத்த ஆண்டே கொனாமி நிறுவனம் பீட்மேனியா என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானியர் இந்த வகையை 'ஒத்தோகே' என்கிறார்கள், அதாவது ஒலி விளையாட்டு. அவர்கள் ஒலியைப் பிடித்துப் பெயர் வைத்தார்கள், ஆங்கிலம் ரிதத்தைப் பிடித்தது. நாம் எதைப் பிடிப்பது?

'இசை விளையாட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ரொம்ப அகலம். பாட்டைக் கேட்டுப் பெயர் கண்டுபிடிப்பதும் இசை விளையாட்டுதான். 'சந்தம்' அழகான சொல், ஆனால் அது செய்யுளோடு ஒட்டிக்கொண்டது. 'ஒத்திசைவு' என்றால் பல ஒலிகள் சேர்ந்து இசைவது, அது வேறு பொருள், பக்கத்திலேயே வரக் கூடாது. மிஞ்சுவது லயமும் தாளமும். அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளி சீராக ஓடுகிற உணர்வு லயம். அதைக் கையால் தட்டி எண்ணிக் காட்டுவது தாளம். ஆடுகிறவனுக்கு வேண்டியது லயம் என்றாலும், கருவி அளந்து பார்ப்பது அவன் தட்டுவதைத்தான். அதனால் என் ஓட்டு 'தாள விளையாட்டு' என்பதற்கே. கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் புரிகிறது என்பதும் ஒரு காரணம்.

தாளத்துக்குத் தமிழில் இன்னொரு பழைய பெயர் பாணி. இன்று பாணி என்றால் நடிப்புப் பாணி, எழுத்துப் பாணி என்று தோரணையைத்தான் நினைக்கிறோம், ஆகவே அதை மீட்டு இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் அதன் உறுப்புகளைப் பார்த்தபோது எனக்குக் கை பரபரத்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தாளத்தின் கூறுகளாகக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என நான்கைச் சொல்கிறார். கொட்டு என்பது அமுக்குதல், அரை மாத்திரை. அசை தாக்கி எழுதல், ஒரு மாத்திரை. தூக்கு தாக்கித் தூக்குதல், இரண்டு. அளவு, தாக்கிய ஓசை மூன்று மாத்திரை வரை நிற்பது. அமுக்கு, தட்டி எடு, நீட்டிப் பிடி! எந்தத் தாள விளையாட்டின் பயிற்சிப் பகுதியும் கற்றுத் தருவது இவற்றைத்தானே? மாத்திரை என்பதும் தொல்காப்பியத்தில் கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம். விரல் நுனியில் விளையாடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான அலகு கிடைக்காது.

உள்ளே வரும் சின்னச் சொற்களுக்கும் நாம் தேடி அலைய வேண்டியதில்லை. நின்டெண்டோவின் ரிதம் டெங்கோகு வரிசை 2006இல் கேம் பாய் அட்வான்ஸில் பொத்தான்களோடு தொடங்கியது. 2008இல் டிஎஸ் கருவிக்கு வந்தபோது கருவியைப் புத்தகம் போலப் பக்கவாட்டில் பிடித்து, அதற்கான எழுதுகோலால் (ஸ்டைலஸ்) திரையைத் தட்டவும் சட்டென்று வழித்துவிடவும் வேண்டியிருந்தது. அந்த வழித்துவிடுதலைத் தமிழில் 'சுண்டு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். டேப் என்பது தட்டு, ஹோல்ட் என்பது பிடி, காம்போ என்பது தொடர். டெம்போவுக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு, நடை. மிஸ் என்று திரை காட்டும் இடத்துக்குத் 'தப்பியது' போதும், தாளம் தப்புவதைத்தான் நாம் எப்போதும் அப்படிச் சொல்கிறோம்.

ஒன்று மட்டும், ஆடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ப்ளூடூத் இயர்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒலி கொஞ்சம் பின்தங்கி வரும், சரியாகத் தட்டியும் தப்பியது என்றே காட்டும். கம்பி உள்ள இயர்போனோ கருவியின் சொந்த ஒலிபெருக்கியோ போதும். அப்புறம், திரையை முறைத்துப் பார்க்காமல் கட்டைவிரலுக்கு முன்னால் காலைத் தட்ட விடுங்கள். எனக்குப் படை நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.